கண்ணுக்குப் புலப்படாத கற்றையை அளப்பது எவ்வாறு?

2008 ஆம் ஆண்டு செப்டெம்பர் 10 ஆம் திகதி முற்பகல். ஜெனீவா நகருக்கு அருகில், சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் எல்லைக்கு அடியில் அமைந்த 27 கிலோமீற்றர் சுற்றளவுடைய சுரங்கத்தில் புரோத்தன் கற்றையொன்று முதற்தடவையாக ஒரு முழுச் சுற்றை நிறைவுசெய்தது. அன்றுடன் உலகம் அழிந்துவிடும், பூமியைக் கருந்துளை விழுங்கிவிடும் என்றெல்லாம் கிளப்பப்பட்ட பீதி அந்நாட்களில் பத்திரிகைகளில் பெரிதாக இடம்பெற்றிருந்தது. பூமிக்கு ஒன்றும் நேரவில்லை. சேர்ன் ஆய்வு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் கூடியிருந்த விஞ்ஞானிகள் கைதட்டி ஆரவாரித்த காட்சியைத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பின. அவர்கள் எதைக் கண்டு ஆரவாரித்தனர் என்பதை நம்மில் அநேகர் கவனித்திருக்க மாட்டோம். கணினித் திரையில் தோன்றிய இரண்டு சிறிய ஒளிப்புள்ளிகளே அவை. கற்றை வளையத்தினுள் நுழைந்தபோது ஒரு புள்ளி. சுற்றி வந்து அதே இடத்தை மீண்டும் அடைந்தபோது மற்றொன்று.

பல பில்லியன் செலவில், பல்லாயிரம் பேரின் உழைப்பில் உருவான இயந்திரம் வேலை செய்கின்றதா என்பதை அந்த இரண்டு புள்ளிகளே கூறின. வேறு வழி எதுவும் இருக்கவில்லை. காற்று அகற்றப்பட்ட உலோகக் குழாயினுள், ஒளியின் வேகத்தை அண்மித்த வேகத்தில் செல்லும் துணிக்கைகளை எட்டிப் பார்க்க எவராலும் முடியாது. கற்றை எங்கே இருக்கின்றது, எவ்வளவு தடித்தது, எத்தனை துணிக்கைகளைக் கொண்டது, அதன் சக்தி யாது, வழியில் எவ்வளவு சிந்துகின்றது என்பனவெல்லாம் கருவிகள் சொல்லித்தான் தெரியவேண்டும். துணிக்கை ஆர்முடுக்கிகளைப் பற்றி எழுதுவோர் கண்டுபிடிப்புகளைப் பேசுகின்றனர். நோபல் பரிசுகளைப் பேசுகின்றனர். கற்றையை அளக்கும் கலையைப் பற்றி எழுதுவோர் அரிது. இக்கலை ஆய்வுகூடங்களுக்கு மட்டும் உரியதென எண்ணிவிடவும் கூடாது. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை உள்ளிட்ட புற்றுநோய்ச் சிகிச்சை நிலையங்களில் நோயாளிகளின் உடலை நோக்கிக் கதிர்களைச் செலுத்தும் நேர்கோட்டு ஆர்முடுக்கிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. அங்கு அளவு பிழைத்தால் இழக்கப்படுவது ஒரு பரிசோதனை அன்று.

நாடி பார்க்கும் வைத்தியர் நோயாளியின் உடலைக் கீறிப் பார்ப்பதில்லை. கற்றையை அளப்பவரும் பெரும்பாலும் அவ்வாறே நடந்துகொள்ள வேண்டியுள்ளது. கற்றையின் குறுக்கே எதையேனும் வைத்தால் அது சிதறும்; வைத்த பொருளும் பழுதடையும். மிகப் பழைய முறை இத்தகையதே. 1895 இல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி ஜீன் பெரின், கதோட்டுக் கதிர்களை உலோக உருளையொன்றினுள் விழச் செய்து, உருளையில் சேர்ந்த மின்னேற்றத்தை அளந்தார். அக்கதிர்கள் மறை மின்னேற்றம் கொண்டவை என்பது அதனால் நிறுவப்பட்டது. பரடேயின் பெயரால் வழங்கும் இவ்வகைக் கிண்ணம் இன்றும் குறைந்த சக்தியுள்ள கற்றைகளுக்குப் பயன்படுகின்றது. ஆனால் கிண்ணத்தில் விழுந்த கற்றை அத்துடன் முடிந்தது. சட்டியிலுள்ள சோற்றின் அளவை அறிய அதனை முழுவதும் உண்டு பார்ப்பதற்கு ஒப்பானது இது.

கற்றையைத் தீண்டாமல் அளப்பதற்கு அதன் மின்னேற்றமே கைகொடுக்கின்றது. ஓடும் மின்னேற்றம் ஒரு மின்னோட்டம். மின்னோட்டம் இருக்குமிடத்தில் காந்தப்புலம் உண்டு. எனவே கற்றை செல்லும் குழாயைச் சுற்றிக் காந்தப் பொருளாலான வளையமொன்றை வைத்து, அதன்மீது கம்பியைச் சுற்றினால், நமது தெருவோரத்து மின்கம்பத்தில் தொங்கும் நிலைமாற்றியின் தத்துவமே இங்கும் தொழிற்படும். கற்றையே முதற்சுருள், சுற்றிய கம்பி துணைச்சுருள். ஆயின் நிலைமாற்றி மாறும் மின்னோட்டத்தை மட்டுமே உணரும். மணிக்கணக்கில் ஒரே அளவாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கற்றையை அதனால் உணர முடியாது. இதற்கு விடை கண்டவர் சேர்ன் நிலையத்தைச் சேர்ந்த கிளவுஸ் உன்சர். 1960களில் அவர் உருவாக்கிய அளவி, காந்த வளையத்தை முன்னும் பின்னுமாகக் காந்தமாக்கி, அதில் ஏற்படும் சமச்சீரின்மையிலிருந்து மாறா மின்னோட்டத்தை அறிந்துகொள்கின்றது. அதன் வழிவந்த கருவிகள் உலகெங்கும் உள்ள ஆர்முடுக்கி வளையங்களில் பொருத்தப்பட்டுள்ளன.

கற்றை குழாயின் நடுவில் செல்கின்றதா என்பதை அறியும் முறை இதனிலும் எளிது. குழாயின் மேலும் கீழும், இடமும் வலமும் நான்கு சிறு உலோகத் தட்டுகள் பதிக்கப்படுகின்றன. கற்றை கடக்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு மின்துடிப்புத் தோன்றும். வலப்பக்கத் துடிப்பு பெரிதாயின் கற்றை வலப்புறம் ஒதுங்கியுள்ளது என்பது பொருள். இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் விலகலின் அளவு கிடைத்துவிடும். நாம் முதலிற் குறிப்பிட்ட பாரிய ஹட்ரோன் மோதுவியில் இத்தகைய நிலைகள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன.

இவ்வளவு எளிய கருவியால் என்ன பயன் எனக் கேட்போருக்கு ஒரு சம்பவத்தைக் கூறலாம். தற்போதைய மோதுவிக்கு முன்னர் அதே சுரங்கத்தில் 1989 முதல் 2000 வரை இலத்திரன்களையும் பொசித்திரன்களையும் மோதவிடும் லெப் என்ற இயந்திரம் இயங்கியது. 1996 இல் பராமரிப்பு வேலைகள் முடிந்து இயந்திரத்தை மீள இயக்கியபோது கற்றை சுற்ற மறுத்தது. காந்தங்களைத் திருத்திப் பார்த்தனர், பயனில்லை. இறுதியில் கற்றையின் இருப்பிடம் காட்டும் அளவீடுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, தடை ஏற்படும் இடத்தைக் கண்டறிந்து, வெற்றிடக் குழாயைத் திறந்து பார்த்தனர். உள்ளே இரண்டு பியர் போத்தல்கள் கிடந்தன! அவற்றை அங்கே இட்டவர் யாராயினும், 27 கிலோமீற்றர் நீளக் குழாயில் இரண்டு போத்தல்கள் கிடக்கும் இடத்தைக் கற்றையே காட்டிக்கொடுத்துவிட்டது.

கற்றையின் தடிப்பை அளப்பது சற்றுக் கடினமான காரியம். ஒளிரும் திரையைக் குறுக்கே வைத்துப் படம் பிடிப்பது முதல் வழி. 2008 இல் தோன்றிய இரு புள்ளிகளும் அவ்வாறு பெறப்பட்டவையே. கற்றை வலுவடைந்தபின் திரை தாங்காது. அப்போது தலைமயிரிலும் மெல்லிய காபன் இழையொன்றைக் கற்றையின் ஊடாக விரைவாக வீசி எடுக்கின்றனர். இழை கற்றையின் எப்பகுதியில் உள்ளதோ அப்பகுதித் துணிக்கைகள் அதில் மோதிச் சிதறும். சிதறலின் ஏற்ற இறக்கத்தை வரைந்தால் கற்றையின் குறுக்குத்தோற்றம் கிடைத்துவிடும். இழை மெதுவாகச் சென்றால் எரிந்து அறுந்துவிடும். ஆதலால் சேர்ன் நிலையத்தின் புதிய கருவிகளில் அது செக்கனுக்கு 20 மீற்றர் வரையிலான வேகத்தில் வீசப்படுகின்றது. முழு வலுவிலுள்ள கற்றைக்கு இந்த இழையும் உதவாது.

அந்நிலையில் கற்றை தானாகவே உமிழும் ஒளி துணைபுரிகின்றது. வளைந்து செல்லும் மின்னேற்றத் துணிக்கை ஒளியை வீசும் என்பது கோட்பாட்டளவில் அறியப்பட்டிருந்த விடயம். 1947 ஏப்ரலில் ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில், கண்ணாடிக் குழாயைக் கொண்ட ஆர்முடுக்கியொன்றில் அந்த ஒளி முதன்முதலாகக் கண்ணாற் காணப்பட்டது. தொல்லை தரும் சக்தி விரயம் என ஆரம்பத்தில் கருதப்பட்ட அவ்வொளி, இப்போது கற்றையின் உருவப்படத்தைத் தந்துகொண்டிருக்கின்றது. ஒளியின் அலைநீளத்தை விடவும் மெல்லிய கற்றைகளுக்கு அதுவும் போதாது. ஜப்பானிய விஞ்ஞானி சுமோரு சின்டாகே ஒரு நுட்பமான உபாயத்தை வகுத்தார். இரு லேசர் கதிர்களைக் குறுக்கிடச் செய்தால் இருளும் ஒளியுமான வரிகள் தோன்றும். இலத்திரன் கற்றையை அவ்வரிகளின் குறுக்கே சிறிது சிறிதாக நகர்த்தினால், மெல்லிய கற்றை ஒளி வரியில் அதிகமாகவும் இருள் வரியில் குறைவாகவும் சிதறலை ஏற்படுத்தும். தடித்த கற்றையாயின் எல்லா வரிகளையும் ஒருங்கே மூடிக்கொண்டு வேறுபாடின்றி நிற்கும். 1990களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆர்முடுக்கி நிலையத்தில் ஏறத்தாழ 70 நனோமீற்றர் உயரமுள்ள கற்றை இவ்வாறு அளக்கப்பட்டது. ஒளியாலான அளவுகோல் என்றே இதனைக் கூறவேண்டும்.

தடிப்பை அறிந்தால் மட்டும் போதுமா? போதாது. திருவிழா முடிந்து கோயில் வாசலால் வெளியேறும் சனத்திரளை மேலிருந்து படம் பிடித்தால் யார் எங்கே நிற்கின்றார் என்பது தெரியும். யார் எத்திசையில் செல்ல எத்தனிக்கின்றார் என்பது தெரியாது. வாசலில் நெருக்கமாக நிற்பவர்கள் அடுத்த கணம் நாலாபக்கமும் கலைந்துவிடலாம். கற்றையும் அத்தகையதே. நிற்கும் இடத்தின் பரவலையும் செல்லும் திசையின் பரவலையும் சேர்த்துக் குறிக்கும் அளவை எமிற்றன்ஸ் என்பர். காந்த வில்லைகளால் கற்றையை ஓரிடத்தில் ஒடுக்கலாம். ஒடுக்கினால் திசைப் பரவல் பெருகும். இரண்டின் பெருக்கத்தை வில்லைகளால் குறைக்க இயலாது. இதனை அளப்பதற்கு, நுண்துளைகள் இடப்பட்ட தகடொன்றைக் கற்றையின் முன் வைத்து, துளைகளின் வழியே வரும் சிறு கதிர்கள் சற்றுத் தொலைவிலுள்ள திரையில் எவ்வளவு விரிந்து விழுகின்றன எனப் பார்க்கின்றனர். வலிய கற்றையாயின், வில்லையின் வலுவைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் தடிப்பை அளந்து கணக்கிடுகின்றனர்.

துணிக்கையின் சக்தியை அளக்கப் புகுந்த கதை தனிச் சுவையுடையது. இசட் என்ற துணிக்கையின் திணிவைத் துல்லியமாக அறிவது லெப் இயந்திரத்தின் தலையாய பணிகளுள் ஒன்று. அதற்குக் கற்றையின் சக்தியை இலட்சத்தில் ஓரிரு பங்கு துல்லியத்தில் அறியவேண்டியிருந்தது. அளந்து பார்த்தபோது சக்தி நாளுக்கு நாள், மணிக்கு மணி தளம்பியது. இயந்திரத்தில் எக்குறையும் இல்லை. குற்றவாளி சந்திரன் என்பது 1992 இல் உறுதியாயிற்று. கடலில் வற்றுப்பெருக்கை ஏற்படுத்தும் அதே ஈர்ப்பு, சுரங்கத்தைச் சூழ்ந்த பாறையையும் இழுத்துத் தளர்த்தி, 27 கிலோமீற்றர் சுற்றளவை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவில் மாற்றியது. கற்றை செல்லும் பாதையின் நீளத்தை ஆர்முடுக்கும் மின்னலையின் மீடிறன் நிர்ணயித்துவிடுவதால், சுரங்கத்துடன் காந்தங்கள் விலகும்போது கற்றை அவற்றின் மையத்தைத் தவறவிட்டுச் சற்று வேறான சக்தியுடன் ஓடும்.

சந்திரனைக் கணக்கில் சேர்த்த பின்னரும் தளம்பல் முற்றாக ஓயவில்லை. பகலில் இருக்கும், நள்ளிரவின் பின் அடங்கும், அதிகாலையில் மீண்டும் தொடங்கும். 1995 இல் அதன் காரணமும் வெளிப்பட்டது. ஜெனீவாவிலிருந்து புறப்படும் பிரெஞ்சு மின்சாரப் புகையிரதங்களின் மின்னோட்டத்தில் ஒரு பகுதி தண்டவாளத்திலிருந்து நிலத்தினுள் கசிந்து, இயந்திரத்தின் உலோகக் குழாய் வழியாகப் பாய்ந்து, காந்தங்களைச் சிறிதளவு மாற்றிக்கொண்டிருந்தது. இவையனைத்தும் கழிக்கப்பட்ட பின்னரே இசட் துணிக்கையின் திணிவு 91.1876 ஜிகா இலத்திரன்வோல்ற்று என்றும், அதில் ஐயத்துக்குரியது 0.0021 மட்டுமே என்றும் அறிவிக்க முடிந்தது. பாடநூலில் ஒரு வரியாக நிற்கும் இந்த இலக்கத்தின் பின்னால் சந்திரனும் புகையிரதமும் இருப்பதை மாணவர்களுக்கு எடுத்துக் கூறும் ஆசிரியர்கள் இருந்தால் நன்று.

இனி ஆபத்தின் பக்கத்துக்கு வருவோம். பாரிய ஹட்ரோன் மோதுவியின் வடிவமைப்பின்படி ஒரு கற்றையில் 2,808 கொத்துகள். கொத்தொன்றில் சுமார் 115 பில்லியன் புரோத்தன்கள். எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் ஒரு கிராமின் பில்லியனில் ஒரு பங்குகூடத் தேறாது. அவற்றில் அடங்கிய சக்தியோ 362 மெகாயூல். எண்பது கிலோகிராமுக்கு மேற்பட்ட டி.என்.டி. வெடிமருந்தின் சக்திக்கு இது ஈடானது. இதில் சிறு துளி தவறி விழுந்தாலே பூச்சியத்துக்குக் கீழ் 271 பாகை செல்சியஸில் வைக்கப்பட்டுள்ள காந்தங்கள் சூடேறித் தமது மீகடத்தும் இயல்பை இழந்துவிடும். முழுவதும் விழுந்தால் என்னவாகும் என்பதற்குச் சிறியதொரு முன்மாதிரி 2004 இல் கிடைத்தது. மோதுவிக்குக் கற்றையை வழங்கும் பழைய வளையத்தில் நடந்த சோதனையொன்றின்போது காந்தமொன்று தவறியதால், 2.5 மெகாயூல் சக்தியுள்ள கற்றை குழாயின் சுவரில் மோதியது. சுவரில் சுமார் 25 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டு விழுந்தது. முழுக் கற்றையின் நூற்றில் ஒரு பங்கிலும் குறைவான சக்தி செய்த வேலை அது.

ஆகவேதான் வளையம் நெடுகிலும் ஏறத்தாழ 4,000 காவற்கருவிகள் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை நைதரசன் வாயு நிரப்பிய அயனாக்க அறைகள். கற்றையிலிருந்து சிந்தும் துணிக்கைகள் எங்கேனும் மோதினால் அங்கு தெறிக்கும் கதிர்கள் வாயுவை அயனாக்கும். அந்த மின்னோட்டம் எல்லையைத் தாண்டினால், கற்றை மூன்று சுற்றுகளுக்குள், அதாவது ஒரு செக்கனின் ஆயிரத்தில் மூன்றிலொரு பங்குக்கும் குறைந்த நேரத்தில், வளையத்திலிருந்து வெளியேற்றப்பட்டுக் காபன் பாளத்தினுள் செலுத்தப்படும். மனிதர் எவரும் இதில் முடிவெடுப்பதில்லை; எடுக்க நேரமும் இல்லை. குழாயினுள் விழும் தூசுத் துணிக்கைகள்கூட இக்கருவிகளை எழுப்பிவிட்ட சந்தர்ப்பங்கள் பல.

அளவீடு காவல் காப்பதுடன் நின்றுவிடுவதில்லை. சிலவேளை அதுவே மருந்தாகவும் அமைகின்றது. சேர்ன் நிலையத்தின் சைமன் வான் டெர் மீர், ஒழுங்கின்றித் துடிக்கும் எதிர்ப்புரோத்தன்களின் இடவிலகலை வளையத்தின் ஒரு புறத்தில் அளந்து, அச்சமிக்ஞையை வட்டத்தின் குறுக்கே நேர்வழியால் மறுபுறம் அனுப்பினார். வளைந்து வரும் துணிக்கைகள் அவ்விடத்தை அடையும்போது திருத்தும் உதை தயாராக இருந்தது. கோடிக்கணக்கான தடவை இவ்வாறு திருத்தப்பட்ட கற்றை ஒடுங்கி ஒழுங்குபட்டது. வில்லைகளால் குறைக்க இயலாத பரவல் அளவீட்டினால் குறைக்கப்பட்டது. 1983 இல் டபிள்யூ, இசட் துணிக்கைகள் கண்டுபிடிக்கப்பட இதுவே வழிவகுத்தது. 1984 ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசை அவர் கார்லோ ருபியாவுடன் பகிர்ந்துகொண்டார்.

வைத்தியசாலைக்கு வருவோம். அங்குள்ள ஆர்முடுக்கியில் இலத்திரன் கற்றை நேரடியாகவோ, உலோக இலக்கொன்றில் மோதி எக்ஸ் கதிராக மாறியோ நோயாளியை அடைகின்றது. எக்ஸ் கதிருக்கு வேண்டிய இலத்திரன் மின்னோட்டம் நேரடிச் சிகிச்சைக்கு வேண்டியதைவிட நூறு மடங்கு அளவில் அதிகம். கதிர் செல்லும் வழியில் மெல்லிய அயனாக்க அறைகள் இருந்து, கொடுக்கப்பட்ட அளவை எண்ணி, உரிய அளவு வந்ததும் இயந்திரத்தை நிறுத்தும்.

கனடாவில் தயாரிக்கப்பட்ட தெரக்-25 என்ற இயந்திரத்தில் 1985 நடுப்பகுதிக்கும் 1987 ஜனவரிக்கும் இடையில் ஆறு பாரிய விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றுள் ஒன்று 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நடந்தது. இயக்குபவர் எக்ஸ் கதிர் எனத் தவறுதலாகத் தட்டச்சு செய்துவிட்டு, உடனே இலத்திரன் எனத் திருத்தினார். திருத்தம் திரையில் தோன்றியது. மென்பொருளின் ஒரு பகுதியை அது சென்றடையவில்லை. எக்ஸ் கதிருக்குரிய பலத்துடன் இலத்திரன் கற்றை, இலக்கு எதுவும் குறுக்கிடாமல், நோயாளியின் மீது பாய்ந்தது. 202 அலகு கொடுக்கப்பட வேண்டிய இடத்தில் 6 அலகு மட்டுமே கொடுக்கப்பட்டுள்ளதாகத் திரை காட்டியது. அடிக்கடி சிறு தவறுகளை அறிவித்துப் பழகிய இயந்திரம் அது. எனவே இயக்குபவர் தொடருமாறு விசையை அழுத்தினார். கற்றை மறுபடியும் பாய்ந்தது. விதிக்கப்பட்டதன் சுமார் நூறு மடங்கு கதிரை நோயாளி பெற்றிருந்தார் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. ஐந்து மாதங்களில் அவர் உயிரிழந்தார்.

நூறு மடங்கைப் பெற்ற கருவி ஆறு அலகு என ஏன் சொன்னது? அயனாக்க அறையில் கதிர் உண்டாக்கும் அயன்கள் இருபுறத் தட்டுகளையும் சென்றடைந்தாலே எண்ணப்படும். ஒரே கணத்தில் அளவுக்கு மீறி உண்டானால் அவை தட்டை அடையுமுன் தமக்குள் இணைந்து மறைந்துவிடும். நிரம்பி வழியும் மழைமானி எவ்வளவு மழை பெய்தது என்பதைக் கூறாததைப் போல, அந்த அறை தன் எல்லைக்கு அப்பாற்பட்டதைச் சொல்ல இயலாது போயிற்று. எச்சரிக்க வேண்டிய வேளையில் கருவி குறைத்துக் காட்டியது. அதுவே இரண்டாவது பாய்ச்சலுக்கும் காரணமாயிற்று. மென்பொருள் தவறு என்றே இவ்விபத்து பெரும்பாலும் பேசப்படுகின்றது. அது உண்மையே. ஆயினும் அளவி தன் எல்லை மீறப்பட்டதை அறிவிக்கும் ஏற்பாடு இருந்திருந்தால் அம்மென்பொருள் தவறும் அன்றே பிடிபட்டிருக்கும் என்பது நமது எண்ணம். அதே நிலையத்தில் அடுத்த மாதம் இன்னொரு நோயாளி இவ்வாறே பாதிக்கப்பட்ட பின்னர்தான், அங்குப் பணியாற்றிய மருத்துவப் பௌதிகவியலாளரும் இயக்குபவரும் விடாமுயற்சியுடன் அத்தவறை மீண்டும் நிகழ்த்திக் காட்டினர்.

2001 பெப்ரவரியில் போலந்து நாட்டின் பியாலிஸ்டோக் நகரில் நடந்ததும் இதற்கு உறவானதே. மின்தடையின் பின்னர் இயக்கப்பட்ட ஆர்முடுக்கியில், அளவிக்கு மின் வழங்கும் பகுதியின் உருகி எரிந்துபோயிருந்தது. அளவியிலிருந்து சமிக்ஞை குறைந்ததால், கற்றை போதவில்லை எனக் கருதிய இயந்திரம் மின்னோட்டத்தை மேலும் மேலும் உயர்த்தியது. இதனைத் தடுத்திருக்க வேண்டிய காப்புச் சுற்றில் இருவாயியொன்றும் பழுதடைந்திருந்தது. ஐந்து பெண்கள் கடுமையான கதிர்க்காயங்களுக்கு உள்ளாகினர்.

இப்போது சிகிச்சை ஆர்முடுக்கிகளில் இரண்டு அயனாக்க அறைத் தொகுதிகள், ஒன்றையொன்று சாராமல் தனித்தனி மின்சுற்றுகளுடன் அமைக்கப்படுகின்றன. ஒன்று தவறினால் மற்றது நிறுத்தும். இவ்விரண்டையும் நம்பிவிடாமல், ஒவ்வொரு நாளும் முதலாவது நோயாளி அழைக்கப்படுவதற்கு முன்னர், இயந்திரத்துடன் தொடர்பில்லாத வேறொரு கருவியைச் சிகிச்சைப் படுக்கையின் மீது வைத்து, கற்றையைச் செலுத்தி, கிடைத்த அளவைப் பதிவேட்டில் எழுதுகின்றனர். சர்வதேச அளவில் பின்பற்றப்படும் நெறிமுறைகளின்படி அவ்வளவு எதிர்பார்த்ததிலிருந்து 3 வீதத்துக்கு மேல் விலகியிருந்தால், காரணம் அறியப்படும் வரை சிகிச்சை தொடங்கப்படுவதில்லை. வெளியே வரிசையில் காத்திருப்பவர்களுக்கு அந்தக் கால்மணிநேரத் தாமதம் ஏன் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை.